விழாத காசு

இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி நீட்டினாள் நதியா. தோட்டா இல்லை. பயிற்சி தரும் ஜாஹிதா மேடம் குழல் முனையில் ஒரு ரூபாய்க் காசை வைத்தார். நதியா விசையை அழுத்தினாள். டிக். காசு மண்ணில் விழுந்தது.

"வேகம் வந்துடுச்சி. கைதான் ஆடுது. விரல் மட்டும் நகரணும், மூஞ்சிகூட அசையக் கூடாது. இன்னொரு தபா."

அமிர்தி அடிவாரத்துத் திடலில் காலையிலிருந்து இதேதான். காவலர்களுக்கான மாநிலப் போட்டி நெருங்கிவிட்டது. உருவு, நீட்டு, அழுத்து. இந்த முறை காசு நின்றது. அதை எடுத்து மேடம் அவள் கையில் கொடுக்கும்போது செல்போன் அடித்தது. அம்மா மங்கம்மாள்.

"அப்பா பூட்டாருடி. உங்கண்ணன் கத்துவான். கண்டுக்காம வா."

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

நெல்லிவாசலில் ஜீப்பை விட்டு இறங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்ததும் மேளம் நின்றது. வாசலில் கட்டில்மேல் அப்பா கோபால்சாமி. குறுக்கே அண்ணன் வெற்றிவேல்.

"இன்னா, யாரப் புடிக்க வந்த? பொணத்தையா?"

யாரோ சிரித்தார்கள்.

"வழி விடுண்ணா. நெத்தியில காசு வெச்சிட்டுப் போய்டறேன்."

"பன்னி வேட்டைக்கு வெச்சிருந்த நாட்டுத் துப்பாக்கி. போலீசு நேரா பரண்ல கைய வுட்டு எடுத்துச்சி. வூட்டு ஆளு சொல்லாம எவனுக்குத் தெரியும்? நான் ஜெயில்ல களி தின்னேன். இவ சுடறதுக்கு ப்ராக்டீஸ் பண்றா."

"வேலு, அடக்கம் முடியட்டும்டா," என்றாள் மங்கம்மாள்.

"நீ சும்மா இரும்மா. பொணத்துக்கு முன்னால பொய் சொன்னா கை வெளங்காது. அப்பன் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். நீதான காட்டிக் குடுத்த? சொல்லிட்டு வெய்யி."

நதியா அப்பாவைப் பார்த்தாள். தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"நான்தான்."

ஒருத்தி காறித் துப்பினாள். இவ்வளவு சுலபமாக வரும் என்று வெற்றிவேல் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஒரு கணம் நின்று, விலகினான்.

நதியா பையிலிருந்த காசை எடுத்துக் குனிந்தாள். முகம் அசையவில்லை. விரல்கள் மட்டும் நகர்ந்தன.

"நெஞ்சா அது, கல்லு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

துப்பாக்கி பிடிபடுவதற்கு முந்தின இரவு, வரப்புத் தகராறில் வெற்றிவேல் குடித்துவிட்டுத் துப்பாக்கிக்கு மருந்து திணித்தான். விடிந்ததும் பக்கத்து நிலத்துச் சிங்காரத்தை முடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். லீவில் வந்திருந்த நதியாவை, டவர் கிடைக்கும் பாறைக்கு இழுத்துப் போனார் அப்பா. ஸ்டேஷன் நம்பரை அவளைப் போடச் சொல்லி, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, எம் புள்ள ஒருத்தன சுடப் போறான். விடியறதுக்குள்ள வந்து இட்டுக்கினு போங்க. துப்பாக்கி பரண்ல இருக்குது."

அப்பாவின் நெற்றியிலிருந்து நதியா கையை எடுத்தாள். காசு நின்றது.