கப்பல் நிறையக் குடை

குடைக்கடைக்காரர் வாயைத் திறந்தால் கப்பல்தான் வரும். கொள்ளுத்தாத்தா ஒரு கப்பல் நிறையக் குடையோடு வந்து இறங்கியதாக நாற்பது வருடமாக அளந்துகொண்டிருந்தார். கடைக்கு நூறு வயதாகப்போகிறது, அந்தக் கப்பலைப் பெரிய பலகையில் எழுதி மாட்டலாம் என்று அவர் கிளம்பியபோது, அக்காள் புருஷனான மச்சான் குறுக்கே விழுந்தார். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். திருகாணி அளவு பொய்கூட அவரிடம் தப்பாது.

"காகிதத்துல காட்டு மாப்ள. காட்டிட்டா பலகையை நானே தூக்கி மாட்டறேன். இல்லேன்னா இனிமே கப்பல் பேச்சே எடுக்கக் கூடாது."

கப்பல் பேச்சில்லாமல் ஒரு வாழ்க்கையா? இருவரும் பழைய துறைமுகக் காகிதங்கள் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனார்கள். வாசலிலேயே பேனாவையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்தார்கள். பையோடு மச்சானின் மூக்குக்கண்ணாடியும் போய்விட்டது.

காப்பகத்து அம்மா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். "உங்க கொள்ளுத்தாத்தா பேரு வர்றது இது ஒண்ணுலதான். சத்தம் போடாம படிங்க."

துறைமுக அதிகாரிக்கு யாரோ எழுதிய புகார் அது. 'கப்பலைவிட்டு இறங்கியதும், மேற்படி ஆசாமி இதோ வருகிறேன் என்று என் குடையை வாங்கிக்கொண்டு போனவர், மூன்று மாதமாக வரவில்லை. நேற்றுக் கடைத்தெருவில் கண்டேன். குடைக்கடை வைத்திருக்கிறார். வாசலில் மாதிரிக்குத் தொங்குவது என் குடை.' கீழே மச்சானின் கொள்ளுத்தாத்தா கையெழுத்து.

"என்ன போட்டிருக்கு?" என்றார் மச்சான், கண்ணை இடுக்கிக்கொண்டு.

குடைக்காரர் கையெழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "கப்பல்னு போட்டிருக்கு மச்சான். குடைன்னும் போட்டிருக்கு."

மச்சான் முகம் தொங்கிப்போனது. ஆனால் மனுஷன் பேச்சு மாறாதவர். "சரி, தோத்துட்டேன். ஏம்மா, இதை ஆளுயரத்துக்கு நகல் எடுத்துக் குடுங்க. பலகை எதுக்கு? இதையே கடை வாசல்ல மாட்டிடறேன்."

குடைக்காரர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேறு வழியே இல்லாமல், கையெழுத்து வரைக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மச்சான் ஊரைக் கூட்டிச் சிரிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு மழையா மாப்ள?"

குடைக்காரர் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. "நல்ல மழைன்னு எழுதியிருக்காரு."

"அப்போ எங்க கொள்ளுத்தாத்தா நனைஞ்சுக்கிட்டேவா நின்னாரு?"

நாற்பது வருடம் சொன்ன கதையில் அந்த ஆளுக்கு நிற்கக்கூட இடம் கொடுத்ததில்லையே என்று குடைக்காரருக்கு வெட்கமாகிவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்காரு மச்சான்," என்று இரண்டாவது வரியைப் படித்தார். "இதோ வர்றேன்னு சொன்னாராமே, அதை நம்பி."