பதினாறு குழந்தைகளின் பசி

திண்டுக்கல் பக்கத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண்ணு பட்டுவிடும். ஜோஸ்பினும் சொல்லமாட்டாள். அன்று காலை அவள் மகள் நான்சி ஐந்து இட்லி தின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூட வேனில் ஏறியது. வேனில் வரும் ஆயா விசாரித்தபோது, "எங்கக்கா, ரெண்டு வாய் ஊட்டுறதுக்குள்ள உசுரு போகுது" என்றாள் ஜோஸ்பின்.

மணிமாறன் டாக்டரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கு அவள் ஒருங்கிணைப்பாளர். வலிப்புக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றை, சின்னப் பிள்ளைகளுக்கு இத்தனை நாளும் பாதியாக, காலாக உடைத்துக் குத்துமதிப்பாகக் கொடுத்துவந்தார்கள். இப்போது அதையே சிரப்பாக்கி, எந்த எடைக்கு எத்தனை மில்லி தாங்கும் என்று பார்க்கிறார்கள். இங்கே பதினாறு குழந்தைகள். வாரம் ஒருமுறை ஜோஸ்பின் தாய்மாருக்கு போன் செய்வாள். தூக்கம் எப்படி, வாந்தி உண்டா, பசி எப்படி? தாய் சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. அப்படியே எழுதினாள்.

இந்த ஆராய்ச்சியைப் பல மாநிலங்களில் நடத்தும் பெங்களூர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மற்ற மாநிலங்களில் இரண்டு, மூன்று குழந்தைகளுக்குத்தான் பசி குறைந்திருக்கிறது. திண்டுக்கல்லில் பதினைந்து பேருக்குப் பசியே கிடையாது. எல்லாருக்கும் மருந்தைக் குறைப்பது பற்றி யோசிக்கிறோம்.

"என்னம்மா, ஊரே உண்ணாவிரதம் இருக்காமே?" என்றார் மணிமாறன்.

"இல்ல சார். எல்லாம் நல்லாத்தான் சாப்பிடுதுக."

"பிறகு எதுக்கு இப்படி எழுதுன?"

"சொன்னத எழுதுன்னுதானே சார் சொன்னீங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். பசியில்லாத பதினைந்து பேரும் எடை ஏறியிருந்தார்கள். ஒருவன் ஒரே மாதத்தில் முக்கால் கிலோ.

"இதையே அனுப்பு. மிச்சம் ஒண்ணு?"

"அருண்பாண்டி, சார். நாலு வயசு, வடமதுரை. சேர்ந்து மூணு வாரம்தான் ஆச்சு, ரெண்டாவது எடை இன்னும் பாக்கல. அவங்கம்மா நல்லா சாப்பிடுறான்னு சொல்லுது."

"அப்ப பிரச்சினையே இல்ல."

கடிதத்தை அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் ஏதோ உறுத்தியது. அருண்பாண்டியின் அம்மா ஸ்ரீமதி போனில் சொன்னது முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. "நல்லா சாப்பிடுறான் மேடம். நேத்து மூணு தோச. மத்தியானம் ரசம் சோறு. ராத்திரி ரெண்டு முட்ட." அப்போது ஜோஸ்பினுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கண்ணுக்குப் பயப்படாத ஒருத்தி! தன்னால் அப்படிச் சொல்ல முடியுமா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். நான்சி விஷயத்தில் எப்போது சொல்வேன்? பிள்ளைக்கு நிஜமாகவே ஒன்று ஆகி, அதை யாரிடமிருந்தாவது மறைக்க வேண்டியிருந்தால் சொல்வேன். பதில் இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

எடை பார்க்கும் மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வடமதுரை பஸ் ஏறினாள்.

"என்னக்கா, பழைய பேப்பர் வியாபாரமா?" என்றார் கண்டக்டர், பைக்கு வெளியே நீட்டிய மிஷினைப் பார்த்து.

"புள்ள நிறுக்கப் போறேன்."

அவர் அவசரமாக டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கதவைத் திறந்த ஸ்ரீமதிக்கு முகம் மாறிவிட்டது. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கணவன் மில்லுக்கு ஷிப்டு போயிருந்தான்.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே மேடம்."

"சொல்லிருந்தா நீ வீட்ல இருந்திருக்க மாட்டே."

அருண்பாண்டி பொம்மை லாரியோடு உள்ளிருந்து ஓடி வந்தான். ஒரு கையில் லாரி. மறு கையால் டவுசரை இடுப்போடு பிடித்திருந்தான். அடுப்படித் தரையில் ஏழெட்டுக் கிண்ணங்கள். எலுமிச்சை சோறு, சேமியா, அவித்த முட்டை, பூரி. ஒரு தட்டில் யானை வடிவத்தில் சுட்ட தோசை, தும்பிக்கைகூடக் குறையாமல் இருந்தது.

"இதெல்லாம் யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"யான தோசதான் சாப்பிடுவாராக்கும்?"

ஸ்ரீமதி சிரிக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"பதினெட்டு நாளாச்சு மேடம், வலிப்பு வந்து. முன்ன வாரத்துக்கு நாலு தடவ வரும். நான் குளிக்கிறப்பக்கூடக் கதவத் தாப்பா போட்டதில்ல. இப்பத்தான் போடுறேன். சோறு எறங்கலன்னு சொன்னா நீங்க மருந்த நிறுத்திருவீங்கல்ல?"

ஜோஸ்பின் மிஷினைத் தரையில் வைத்து, அருண்பாண்டியை அதில் ஏற்றினாள். சேர்ந்த அன்று பதினான்கு கிலோ இருநூறு. இன்று பன்னிரண்டு தொள்ளாயிரம். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அவன் அதற்கு ஒரு கைப்பிடிச் சோற்றளவு இந்தப் பக்கம் நின்றான்.

டாக்டருக்கு போன் செய்தாள். அவர் எடையை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நிறுத்த வேண்டாம். அஞ்சு மில்லிய மூணரை ஆக்கு. நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லு, ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"மூணரைக்கு வலிப்பு நிக்குமா?" என்றாள் ஸ்ரீமதி.

டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லத்தான் ஜோஸ்பின் பழகியிருந்தாள். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

"தெரியாது."

"தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது. இம்புட்டுப் பிள்ளைக்கு எம்புட்டுப் போதும்னு தெரியாமத்தான் இத நடத்துறோம். சேரும்போதே சொன்னோம், கையெழுத்துப் போட்ட. நான் இன்னிக்கு வரலன்னா, இந்த எடைக்கு அஞ்சு மில்லி தாங்குதுன்னு எழுதியிருப்போம். அடுத்து வர்ற பிள்ளைக்கும் அஞ்சுதான் ஊத்தியிருப்போம்."

"அடுத்த பிள்ளையப் பத்தி எனக்கென்ன மேடம்?"

"ஆமா. உனக்கென்ன."

ஜோஸ்பின் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது. அடுத்த பிள்ளைக்காகக் கவலைப்படச் சம்பளம் வாங்குவது தான்தானே, ஸ்ரீமதி இல்லையே.

ஆறு மணி மருந்துக்கு நேரமாகியிருந்தது. ஸ்ரீமதி பாட்டிலையும், ஊசியில்லாத சிரிஞ்சையும் எடுத்துவந்து ஜோஸ்பின் மடியில் வைத்தாள்.

"நீங்களே ஊத்துங்க. வலிப்பு வந்துச்சுன்னா உங்களத்தான் திட்டணும்."

வீட்டில் வைத்து ஊழியர்கள் மருந்து கொடுக்கக் கூடாது. அதற்கும் ஒரு விதி இருந்தது. ஜோஸ்பின் மூன்றரைக் கோடு வரை உறிஞ்சி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்தார்கள். ஐந்தோடு ஒப்பிட்டால் மிகவும் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அருண்பாண்டி வாயைத் திறந்தான். கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விட்டாள். அவன் முழுங்கிவிட்டு லாரியை எடுக்கப் போனான்.

"ஆஸ்பத்திரி நம்பர் வேணாம். உங்க நம்பரச் சொல்லுங்க" என்றாள் ஸ்ரீமதி.

ஜோஸ்பின் சொன்னாள். ஸ்ரீமதி அதை போனில் போட்டு, உடனே அடித்துப் பார்த்தாள். ஜோஸ்பினின் பைக்குள் மணி அடித்தது.

"எப்ப கூப்பிட்டாலும் எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"திட்டுறதுக்குத்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடு" என்றாள் ஜோஸ்பின்.