உறவுக் கட்டத்தில் என்ன எழுதுவது

"உறவு என்ன போடட்டும்?" என்று கேட்டான் டைப்பிங் சென்டர் ஃபாரூக்.

துபாய் தேராவில், ஊரிலிருந்து ஆளை விசிட் விசாவில் அழைக்க வருகிற எல்லோரிடமும் அவன் கேட்கிற கேள்விதான். உம்மா, மாமியார், கொழுந்தியாள் என்று பதில் உடனே வந்து விழும். மாஹிரா மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"ஃப்ரெண்டுன்னு போடுங்க பாய்."

ஃபாரூக் இரண்டு பாஸ்போர்ட் நகல்களின் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தான். "வாப்பா பேரு ரெண்டுலயும் ஒண்ணா இருக்கே. உம்மா பேரும் ஒண்ணுதான்."

"எங்க ஊருல அந்தப் பேரு நெறைய பேருக்கு உண்டு."

ஃபாரூக் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பின்னால் பதினோரு பேர் டோக்கனோடு நின்றார்கள். நமக்கென்ன வந்தது என்று தட்டிவிட்டான்.

விசாவில் தோழியாகிப்போன அஸ்மத் பீவி, மாஹிராவின் கூடப்பிறந்த ராத்தா. பன்னிரண்டு வயது மூத்தவள். உம்மா மவுத்தான பிறகு மாஹிராவுக்குத் தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள். வாப்பாவும் இறந்துவிட்ட பிறகு இந்த உண்மை வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அக்காளுக்கு, தங்கைக்கு, தங்கையின் புருஷன் ராஜிக்குக்கு. மாஹிராவின் மகள் இன்ஷாவுக்குக்கூட அவள் வெறும் 'பீவிம்மா'. ஊர் வீட்டில் சமைத்துப்போட்டுப் பெருக்கித் துடைத்துக்கொண்டு இருக்கிற, யாருமற்ற தூரத்துச் சொந்தம்.

எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டால், எல்லாம் ஒரு வீட்டுக்காக.

கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருவான். பெண் பிறந்த அன்றே வாப்பாமார்களுக்குச் செங்கல் கணக்கு ஆரம்பமாகிவிடும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு எவரும் வாசல் ஏற மாட்டார்கள். கீழக்கரையில் இருந்த மாஹிராவின் வாப்பாவோ வேலைக்குப் போக முடியாத நோயாளி. இரண்டு பெண்கள், ஓலைக் கூரை. அஸ்மத் பீவி குருவியானாள். அடுத்தவன் சரக்கை உடம்பில் ஒளித்து விமானத்தில் கடத்தி வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். இருபத்தொரு வயதில், தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை பார்த்துக்கொள்கிறவள் என்ற பெயரில் துபாய்க்கு வந்துபோனாள். உள்பாவாடை விளிம்பில் தங்க பிஸ்கட்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு போனாள். எட்டு முறை தப்பித்தாள். ஒன்பதாவது முறை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் பிடிபட்டாள். பதினொரு மாதம் ஜெயில்.

ஊர் வாயை மூட முடியாமல் வாப்பா சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாத அதிராம்பட்டினத்துக்குக் குடிபோனார். ராத்தா சேர்த்துவைத்திருந்ததில் அங்கே வீடு எழும்பியது. மாஹிரா பேரில்தான். ராத்தா வெளியே வந்ததும் கொல்லைப்புறக் கதவு வழியாக அழைத்துக்கொண்டார். அக்கம்பக்கம் கேட்டதற்கு, "வீட்டு வேலைக்கு ஒத்தாசையா ஒரு புள்ள" என்றார். அவரையும் குறை சொல்லிப் பயனில்லை. இளையவள் கரைசேர வேண்டுமே.

மாஹிராவுக்குப் பத்தொன்பது வயதில் ராஜிக்கின் உம்மா பெண் பார்க்க வந்தார். ராத்தாதான் தேத்தண்ணீர்த் தட்டை ஏந்திவந்தாள். "இந்தப் புள்ள யாரு?" என்று அவர் கேட்டார். "வீட்டோட இருக்குறவ" என்றார் வாப்பா. மாஹிரா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பெண் பேசக்கூடாது என்பது அன்றைக்கு அவளுக்கு மிகவும் வசதியாக இருந்தது.

இப்போது இன்ஷாவுக்கு வரன் வந்திருக்கிறது. தேராவில் மூன்று கடை வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மானின் மகன் முகம்மது ஆசிக். பையனும் பெண்ணும் இரண்டு தடவை பார்த்துப் பேசிப் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் வீட்டுக்கு வந்து பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. 'இன்ஷா நிச்சயத்தை ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துர்றேன்' என்று ராத்தா போனில் கேட்டாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் தனக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

மாஹிராவுக்கு வேலை கடிகாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடி ஆபீசில். அமெரிக்கக்காரர்களுக்கு அவர்களுடைய பாட்டன் முப்பாட்டனைத் தேடிக் கொடுக்கிற கம்பெனி அது. நூறு வருடத்துக்கு முன் வீடுவீடாக ஆள் கணக்கெடுத்த குடிமதிப்புத் தாள், சர்ச் பதிவு, ஜெயில் பதிவு எல்லாம் கம்ப்யூட்டரில் வரும். கோழி கிளறியதைப் போன்ற கையெழுத்தைப் படித்து யாருக்கு யார் பிள்ளை என்று கோத்துக் கொடுக்க வேண்டும். மாஹிரா அதில் கெட்டிக்காரி.

அந்த மாதம் அவளிடம் வந்தவள் கரோலின் என்ற எழுபது வயது அம்மாள். கேன்ஸஸ்காரி. "என் கொள்ளுப்பாட்டி நோராவுக்கு ஹாட்டி என்று ஓர் அக்கா. குதிரைத் திருடி. துப்பாக்கி தூக்கி ஆண்களோடு சுற்றியவள். பதினெட்டு வயதில் ஜெயிலுக்குப் போனாள். வெளியே வந்தபின் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று வீடியோவில் சொன்னாள். சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தில் அப்படியொரு பெருமை. ஜூலையில் குடும்பமே ஒன்றுகூடப் போகிறதாம். ஹாட்டியின் ஜெயில் பதிவைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். ஜெயில் காகிதத்துக்குச் சட்டமா என்று மாஹிரா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பே மூன்று பேர் தேடியிருந்தார்கள். மூவரும் ஹாட்டியைக் கல்யாணப் பதிவுகளில் தேடினார்கள். அங்கே பெண் கல்யாணமானதும் புருஷன் பெயரை வாங்கிக்கொண்டு புருஷன் ஊருக்குப் போய்விடுவாள் அல்லவா. எவனோ ஒரு கொள்ளைக்காரனின் பெண்டாட்டியாகி எங்கோ செத்திருப்பாள் என்று முடித்துவிட்டார்கள். மாஹிராவுக்கு அந்தப் புத்தியே வரவில்லை. தன் ஊர் வழக்கப்படி, பொம்பளை என்றால் பிறந்த வீட்டாரோடுதான் இருப்பாள் என்று எடுத்த எடுப்பில் நோராவின் வீட்டைத் தேடிப் போனாள்.

1900-ஆம் வருடத்துக் குடிமதிப்புத் தாள். வீட்டுத் தலைவன், நோராவின் புருஷன். அடுத்த வரி நோரா, மனைவி. அப்புறம் இரண்டு பிள்ளைகள். கடைசி வரியில் ஹாரியட், வேலைக்காரி. முன்னால் தேடிய மூவரும் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தார்கள். வேலைக்காரியை யார் பார்ப்பார்கள்.

மாஹிரா பார்த்தாள். ஹாரியட்டைச் செல்லமாகக் கூப்பிட்டால் ஹாட்டி. வேலைக்காரி பிறந்த மாதமும் வருடமும் ஜெயில் பதிவில் இருந்ததோடு அப்படியே ஒத்துப்போயின. தகப்பன் பிறந்த இடம் அயர்லாந்து, தாய் பிறந்த இடம் கென்டக்கி. மூன்று வரி மேலே நோராவுக்கும் அயர்லாந்து, கென்டக்கி. ஃபாரூக் அருகருகே வைத்துப் பார்த்த இரண்டு கடைசிப் பக்கங்கள் அவள் ஞாபகத்துக்கு வந்தன.

1910-இல் வேலைக்காரி. 1920-இலும் வேலைக்காரி. 1930 தாளைத் திறக்க அவளுக்குப் பயமாகவே இருந்தது. அதில் நோராவின் புருஷன் இல்லை. இறந்திருந்தான். வீட்டுத் தலைவி நோரா. அடுத்த வரி ஹாட்டி. உறவு என்ற கட்டத்தில் எழுதியிருந்தது, அக்கா.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாஹிரா அழுதாள்.

அடுத்த வாரம் ராத்தா வந்து இறங்கினாள். ஒரு பெட்டி நிறையக் கருவாடும் தொதல் அல்வாவும். தங்கக் கடைத் தெரு வழியாக நடக்கும்போது ஒரு சந்தைக் காட்டி, "இங்கதான் வாங்கிக்கிட்டுப் போவேன். அப்ப இந்தக் கூரை இல்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று மாலை மாஹிரா செல்போனில் அந்தத் தாள்களைக் காட்டிக் கதை முழுவதையும் சொன்னாள். ராத்தா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"முப்பது வருசம் தங்கச்சி வூட்டுலயே வேலைக்காரியாவா?"

"ஆமா ராத்தா."

"அந்தப் பொம்பளைக்குக் கூலியாவது ஒழுங்கா குடுத்தாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாஹிராவால் சிரிக்க முடியவில்லை. இரவு ராஜிக்கிடம், "மச்சான், சொல்லிடலாமா?" என்றாள். அவன் நல்லவன்தான். கல்யாணமாகி ஒரு வருடத்திலேயே இரண்டு பேர் முகவெட்டையும் பார்த்துக் கண்டுபிடித்து, வாயே திறக்காதவன். "நிச்சயம் முடியட்டும். புள்ள வாழ்க்கை" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கலீலுர் ரஹ்மானும் அவர் மனைவியும் வந்தார்கள். இருவரும் காயல்பட்டினத்துக்காரர்கள், பேச்சில் இனிமை. சோபாவில் இடம் கொடுத்து, பேரீச்சம்பழம் வைத்து, ஊர் நலமெல்லாம் விசாரித்து முடிந்தது. ராத்தா தட்டோடு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள். அப்படியே சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். அந்த இடத்தில் நிற்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அதிராம்பட்டினத்து வூட்டை மகளுக்குத்தானே எழுதுறீங்க?" என்றார் கலீலுர் ரஹ்மான்.

"ஆமா காக்கா, இன்ஷாவுக்குத்தான்" என்றான் ராஜிக், மூத்தவரை அண்ணன் என்கிற மரியாதையில்.

"போட்டோ பாத்தேன். அந்தக் காலத்துத் தேக்கு. யாரு கட்டுனது?"

ராஜிக் வாயெடுப்பதற்குள் சமையலறை வாசலிலிருந்து ராத்தாவே, "அவுங்க வாப்பா கட்டுனது" என்றாள்.

மாஹிரா எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல காக்கா. இவ கட்டுனது. இவ என் ராத்தா, கூடப்பொறந்தவ. குருவியா வந்துபோயி அந்த வூட்டைக் கட்டுனா. மெட்ராஸ்ல புடிச்சாங்க. பதினோரு மாசம் உள்ள இருந்தா. நாங்கதான் வேலைக்காரின்னு சொல்லி வச்சிருந்தோம். என் கல்யாணத்துக்காக."

இன்ஷா கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கலீலுர் ரஹ்மானின் மனைவி தேத்தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்தது வேலைக்காரி இல்லை என்று தெரிந்ததும் அதை என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை. சற்று நேரம் கழித்து இருவரும் எழுந்தார்கள். "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் போனார்கள்.

கதவு சாத்தியதும் ராத்தா மாஹிராவின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து மாஹிரா பார்த்ததில்லை.

"ஏண்டி, பொத்திப் பொத்தி வச்சதை இப்புடிப் போட்டு ஒடச்சிட்டியே. இந்த வாயி உன் கல்யாணத்தன்னிக்கு எங்கடி போயிருந்துச்சு?"

திட்டாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்து அது வேறாகிவிட்டது. இருவரும் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் கலீலுர் ரஹ்மான், ராஜிக்கின் கடைக்கு நேரில் வந்தார். போனில் சொல்லாமல் நேரில் வந்த பெருந்தன்மையைச் சொல்லத்தான் வேண்டும். "மறைக்க என்ன இருக்கு தம்பி. என் மொத கடைக்கும் குருவிங்க கொண்டுபோன சரக்குதான் அடிப்படை. நானும் எத்தனையோ பேருகிட்ட குடுத்து அனுப்பியிருக்கேன். ஆனா பொம்பளை ஜெயிலுக்குப் போன குடும்பம்னா, ஊருல என் தம்பிமாரு ஒத்துக்க மாட்டாங்க" என்றார். கொடுத்தனுப்பியவர் ஹாஜியார் ஆகிவிட்டார். கொண்டுபோனவள் வேலைக்காரி ஆனாள். இதில் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

இன்ஷா இரண்டு நாள் அறைக்குள் இருந்தாள். ஆசிக் போன் செய்து அழுதிருக்கிறான், வாப்பா சொல்லைத் தட்ட முடியாது என்றும் சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாள் காலை கண்ணெல்லாம் வீங்கிப்போய் வெளியே வந்தாள். ராத்தா வழக்கம்போல எல்லோருக்கும் இடியப்பம் வைத்துவிட்டு நின்றாள். இன்ஷா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பெரியம்மா, உக்காருங்க. எனக்கு உங்க மேல கோபம் இல்ல. உம்மா மேல இருக்கு. ஐ நீட் டைம்."

ராத்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை இன்ஷா எழுந்திருக்கவில்லை. மாஹிராவுக்கு மகளின் கோபம் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அது நியாயமான கோபம் என்று நினைத்துக்கொண்டு இடியப்பத்தைப் பிட்டாள்.

மாஹிரா அனுப்பிய தாள்களைப் பார்த்துக் கேன்ஸஸிலிருந்து கரோலின் எழுதியிருந்தாள். குதிரைத் திருட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஹாட்டியின் கல்லறையில் பெயர் இல்லையாம், நோராவின் அக்கா என்று புதிய கல் வைக்கப் போகிறார்களாம்.

மாதக் கடைசியில் விசாவை நீட்டிக்க மாஹிரா ராத்தாவையும் அழைத்துக்கொண்டு டைப்பிங் சென்டருக்குப் போனாள். ஃபாரூக் பழைய மனுவைத் திறந்தான்.

"உறவு அதேதானே? ஃப்ரெண்டு?"

"இல்ல பாய். ராத்தா. கூடப்பொறந்த ராத்தா."

"போன தடவை வேற சொன்னீங்களே."

"அப்ப பொய் சொன்னேன்."

பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாரூக் மாற்றித் தட்டி, சரிபார்க்கச் சொல்லித் தாளை நீட்டினான். ராத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுல எங்க எழுதியிருக்கு?" என்றாள். மாஹிரா அவள் விரலைப் பிடித்து அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஃபாரூக் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ராத்தா விரலை எடுத்தாள்.