குறைத்து எண்ணிய அணுக்கள்

ஹேமநாதன் இறந்து ஓராண்டு ஆகிறது. வெள்ளிக்கிழமை தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி வரவேண்டும். அவர் மனைவி ஷாமளா வாசகத்தை எழுதி வைத்துவிட்டார். அதைத் தம்போயில் இருக்கும் விளம்பர முகவரிடம் கொடுப்பது என் வேலை. புதன்கிழமை அதை வாங்க உலு திராமில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போனேன்.

நானும் ஹேமநாதனும் பல்கலைக்கழக லேபில் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். இருவருக்கும் ஒரே கிறுக்கு. அணுக்கள் தனித்தனியாக ஒளியை விழுங்கினால், இரண்டு மடங்கு அணுக்களுக்கு இரண்டு மடங்கு வேகம்தான். எல்லாம் ஒன்றுசேர்ந்து விழுங்கினால் நான்கு மடங்கு. கிராஃபில் நேர்கோடு மேலே வளைய வேண்டும், அவ்வளவுதான். அவர் புற்றுநோயோடு வார்டில் கிடந்தபோது அது வளைந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான்கே நாளில் போய்விட்டார்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன். போன மாதம் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: அணுக்களை எப்படி எண்ணினீர்கள்?

எண்ணியது நான். அணுக்கூட்டத்தின் மேல் லேசரை அடித்து, விழுந்த நிழலை வைத்து எண்ணினேன். மழை நாளில் தைப்பூசக் கூட்டத்தைக் குடைகளை வைத்து எண்ணுவது போலத்தான் இது. நெரிசலில் ஒரு குடைக்குள் இரண்டு பேர் நிற்பார்கள் என்பது முதலாமாண்டு மாணவனுக்கே தெரியும். எனக்கு அவசரம், அவருக்கு நாள் இல்லை. கூட்டம் நெருங்கிய இடத்தில் ஆயிரம் அணுக்கள் செய்த வேலையை ஐந்நூறு செய்ததாக எழுதிவிட்டேன், மகா அறிவாளி. வேறு முறையில் எண்ணியதும் கோடு நேராகிவிட்டது. எங்கள் அணுக்கள் ஒன்றுசேரவே இல்லை. லேபிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஷாமளா தாளை நீட்டினார். படத்துக்குக் கீழே, "அணுக்கள் ஒன்றுகூடி ஒளியை உண்பதைக் கண்டவர்" என்று இருந்தது.

"இந்த வரி வேணாம் ஷாமளா," என்றேன். குடைக் கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அவருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. சரின்னு நெனச்சிக்கிட்டுத்தான் போனாரு. தப்பு என்னோடது."

"வெள்ளிக்கெழம தாண்டி சொல்லியிருக்கலாம்லா."

"அவரு பேருல பொய் வரக்கூடாதுங்க."

ஷாமளா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி நாலு நாளும் அவரு என்கிட்ட ஒண்ணும் பேசல, புள்ளகிட்டயும் பேசல. அந்தக் கோட்டப் பத்தியேதான் பேசினாரு. பெரிய விஷயம், பேசட்டும்னு நானும் விட்டுட்டேன்."

தாளை மறுபடி என்னிடம் நீட்டினார்.

"அந்த வரிய எடுத்துருங்க," என்றார். "நண்பர்கள்னு கீழ உங்க பேரு இருக்கு. அதையும் எடுத்துருங்க."

தம்போயில் முகவரிடம் பேனா வாங்கி இரண்டையும் நானே அடித்தேன். மிச்ச இடத்தில் ஏதாவது போடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.