தீர்த்தம் குடித்த கள்ளி

ஐம்பத்தேழாம் வருஷம் கல்யாணமாகி மேலப்புதூர் வீட்டுக்கு வந்தபோது, இருதயமேரி டிரங்குப் பெட்டியோடு பால் டப்பாவில் ஒரு சாண் கள்ளியையும் கொண்டுவந்தாள். கிளை விடாமல் தூண்போல நேரே மேலே போகிற ஜாதி. பெரிய தொட்டிக்கு மாறி, சில வருஷங்களில் அது அவள் தலையைத் தாண்டிவிட்டது. வீட்டில் தொட்டில்தான் ஆடவில்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போட ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்?

"முள்ளு இருக்கிற வீட்ல பிள்ளை தங்காது. தூக்கி எறிடி," என்றாள் மாமியார் சவரியம்மாள்.

"மாட்டேன் அத்தை. என்னையும் அதையும் சேர்த்துத்தான் கூட்டிட்டு வந்தீங்க."

புருஷன் சகாயநாதன் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். வீட்டில் சண்டை வந்தால் அவனுக்கு அதுதான் கேடயம்.

சவரியம்மாள் வேறு வழி பிடித்தாள். மருமகள் டீச்சர் வேலைக்குக் கிளம்பியதும், கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தில் கொஞ்சம் குடத்துத் தண்ணீரில் கலந்து, செபம் சொல்லிச் சொல்லித் தினமும் கள்ளிக்கு ஊற்றினாள். பிசாசு ஓட வேண்டுமல்லவா! மண் காய்ந்து கிடந்தால்தான் ஒரு டம்ளர் தண்ணீர் என்று வளர்ந்த செடி அது.

ஒரு சாயங்காலம் மேரி வந்தபோது கள்ளி சாய்ந்து கிடந்தது. அடி பழுப்பேறி, தொட்ட விரல் உள்ளே போனது.

"பாத்தியா? தீர்த்தம் பட்டுச்சு, பிசாசு விழுந்துடுச்சு!" சவரியம்மாள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தினமும் ஊத்தினீங்களா?"

"ஒரு நாள் விடல."

மேரிக்கு ஆத்திரமாக வந்தது. அழுதால் மாமியார் ஜெயித்த மாதிரி. அழவில்லை.

"விட்டுடேன் மேரி," என்றான் சகாயநாதன்.

"நீங்க பேப்பர் படிங்க."

கத்தியை எடுத்து அழுகலை வெட்டித் தள்ளினாள். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மேலே. சுத்தமான பச்சை வந்தபிறகு, மிச்சத்தை நாலு துண்டாக்கி, எது மேல்பக்கம் என்று சாக்பீஸால் குறி போட்டாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை அவை நிழலில் கிடந்தன. ஒழிந்தது சனியன் என்று சவரியம்மாள் நிம்மதியாக வெற்றிலை போட்டாள். பிறகு மேரி காவிரி மணலில் செங்கல் பொடி கலந்து, நாலையும் தொட்டிகளில் நட்டு வாசலில் வைத்தாள்.

"இதுல யாராவது தண்ணி ஊத்தினா நான் பொட்டியைக் கட்டிடுவேன்!" தெருவுக்கே கேட்டது.

தவக்காலம் முடிவதற்குள் நாலும் வேர் பிடித்துத் துளிர்விட்டன. ஈஸ்டருக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஒண்ணுதானே இருந்துச்சு, எப்படி நாலாச்சு?"

"அத்தையைக் கேளுங்க. வீட்ல பிள்ளை வேணும்னு தினமும் தீர்த்தம் ஊத்தினாங்க. பலிச்சிடுச்சு," என்றாள் மேரி. "எனக்குப் பிறந்தாலும் பிறக்காட்டியும் இந்த நாலும் இந்த வாசல்லதான் வளரும்."

தீர்த்தம் பலிக்கவில்லை என்று சவரியம்மாள் தன் வாயால் எப்படிச் சொல்வாள்? சகாயநாதன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாக வெயில் படுகிற பக்கம் நகர்த்தினான்.