சக்கரத்தின் ஞாபகம்

சூதாட்டக் கூடத்தின் மின்சக்கரத்தில் இருபத்திரண்டு என்ற எண் அடுத்தடுத்து மூன்று முறை விழுந்தது. ஆடியவர்கள் சக்கரத்தின் கண்ணாடியைக் குத்தினார்கள். ஒருவர் நாற்காலியைத் தூக்கினார்.

மேலாளர் நிரல் எழுதும் பெண்ணைக் கூப்பிட்டார். "என்னம்மா கணக்கு இது, உன் சக்கரத்துக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"சரியாத்தான் சார் சுத்துது. எப்பவாவது இப்படி வரும். வராமலே இருந்தாத்தான் சந்தேகப்படணும்."

"இதை நாற்காலியத் தூக்கினவன்கிட்ட போய்ச் சொல்லு. ஒரு நம்பர் விழுந்தா கொஞ்ச நேரம் அது தலைகாட்டக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள மாத்து."

"கவனிக்கிறவன் ஜெயிச்சிடுவான் சார்."

"கவனிக்கிறவன் எவன் இங்க வரான்?"

முன்பெல்லாம் அவளுடைய அண்ணன் வந்துகொண்டிருந்தான். விழுந்த எண் உடனே திரும்ப விழாது என்று நம்பி, மற்ற எண்களில் பணம் வைத்துவைத்துத் தன் கடையைத் தொலைத்தவன். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது, முன்னால் விழுந்தது அதற்குத் தெரியாது என்று அவள்தான் சொல்லிச் சொல்லி நிறுத்தினாள். கோடைக்குப் பிறகு அவன் உள்ளே கால் வைக்கவில்லை. வீட்டில் இப்போது அவள் சம்பளம் மட்டும்தான்.

நிரலில் சில வரிகள் போதுமாக இருந்தன. ஓட்டிப் பார்த்தாள். விழுந்த எண் அடுத்த ஐந்து சுற்றுகளுக்கு வரவில்லை. சக்கரம் மறக்காமல் சுற்றியது.

அண்ணன் வழக்கம்போல எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தியிருந்தான். கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"உள்ள ஒரே சத்தமாமே?"

"ஒரே நம்பர் மூணு தடவ."

"அடப்பாவி. நான் இருந்திருந்தா வேட்டியையும் உருவியிருப்பானுங்க." சிரித்தான். பிறகு தினமும் கேட்பதைக் கேட்டான். வண்டியைக் கிளப்பும் முன், மாத்திரை போடுவதைப்போல. "சக்கரத்துக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஆடிய காலத்தில் அவன் அவளிடம் சொல்லாத பொய் இல்லை. அவள் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

"இல்லண்ணா."

வண்டி கிளம்பவில்லை. கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன.

"ஏன் ஒரு மாதிரி சொல்ற?"

"தலைவலிண்ணா. எடு."

"இன்னொரு தடவ சொல்லேன்."

சொன்னாள். இந்த முறை நன்றாக வந்தது.