மச்சானின் மரணத்துக்கு விழுந்த ஓட்டுகள்

கரையான் மருந்து விற்கிறவன் இணையதளம் தொடங்கினால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? கரையான்கூட எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அவன் ஒரு கேள்வி-பதில் தளத்துக்குள் நுழைந்தான். ஒரு பெயரில் 'அலமாரியைக் கரையான் அரிக்கிறதே, என்ன செய்வேன்?' என்று தானே அழுவான். இன்னொரு பெயரில் வந்து, பெரியவர் தோரணையில் தன் கண்ணீரைத் தானே துடைத்து, கடைசி வரியில் தன் தளத்தின் இணைப்பைச் சொருகிவிட்டுப் போவான்.

பெரியவருக்கு ஒரு முகம் வேண்டுமே. அவன் முகமோ எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் முகம். ஆகவே மனைவியின் அண்ணன் படத்தைப் போட்டான். மச்சான் மரச்சாமான் கடையில் விற்பனையாளர். அந்த முகத்தை நம்பி, அட்டைப் பெட்டியைக்கூடத் தேக்கு என்று வாங்கிப் போவார்கள். மச்சானிடம் கேட்கவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்திருந்தவரைத் தொந்தரவு செய்வானேன்?

தளத்தின் காவலர்கள் விவரமானவர்கள். இணைப்பு இருந்த பதிலையெல்லாம் விளம்பரம் என்று அழித்துக்கொண்டே வந்தார்கள். வீட்டு அடுப்பில் பூனை தூங்குகிற நிலை வந்தபோது அவனுக்கு மூளை வேலை செய்தது. 'நமக்கெல்லாம் வழிகாட்டிய பெரியவர் காலமானார். அவர் எழுதியவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்' என்று எழுதி, கீழே இணைப்பைப் போட்டான்.

செத்தவரின் இணைப்பை அழிக்க யாருக்கு மனசு வரும்? ஓட்டு மேல் ஓட்டு விழுந்தது. கரையானைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட அஞ்சலி செலுத்திவிட்டு, போகிற போக்கில் ஒரு பொட்டலம் மருந்து வாங்கிப் போனார்கள். தன் வீட்டுக் கதவு நிலையைப் பெரியவர்தான் காப்பாற்றினார் என்று ஒருத்தி எழுதினாள். அவர் எதையும் காப்பாற்றவில்லை. இருந்தாலும் படித்து முடித்து அதற்கு அவனே ஓர் ஓட்டுப் போட்டான்.

காமாலை தெளிந்து மச்சான் கடைக்குப் போனார். போன வேகத்தில் இவன் வீட்டுக்கு வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, நான் செத்துட்டேனா?"

"முதல்ல உட்காருங்க மச்சான்."

"உட்கார இடம் இல்லாமத்தான் வந்திருக்கேன். கடையில என் இடத்துல வேற ஆளு. கரையானுக்கு மருந்து தேடினப்ப நான் போயிட்டேன்னு முதலாளி படிச்சாராம். 'இத்தனை பேர் பொய்யா சொல்லுவாங்க? நீ இருக்கறதா அதுலயே போட்டுட்டு வா, பார்க்கலாம்'னு வெளியூர்லேர்ந்து போன்லயே சொல்லிட்டார். என் சாவுக்கு அரை நாள் லீவு விட்டிருக்கார்யா! உயிரோட இருந்தப்ப ஒரு மணி நேரம் தந்ததில்ல."

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். "ஏங்க, எங்கண்ணனைக் கொன்னது நீங்கதானா?"

"வெப்சைட்டுக்காகத்தான்..."

"இப்பவே எழுப்புங்க. இல்லன்னா அடுத்த அஞ்சலி உங்களுக்கு."

எழுப்பினால் தளம் படுத்துவிடும். ஆனால் காமாலையில் இளைத்துப்போன மச்சானின் சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் தனியாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. 'அவர் சாகவில்லை. வியாபாரத்துக்காக நான் சொன்ன பொய்' என்று எழுதினான். அவன் இணைப்பில்லாமல் எழுதிய முதல் பதில் அது.

கூட்டம் பொங்கி எழுந்தது. 'பிணத்தை வைத்து விளம்பரமா?' 'போட்டிக் கம்பெனிக்காரனின் வேலை!' மச்சான் பொறுக்காமல் அன்றைய செய்தித்தாளைப் பிடித்தபடி படம் எடுத்துப் போட்டார். 'எங்கள் பெரியவர் இவ்வளவு ஒல்லி இல்லை' என்ற பதிலுக்கு ஓட்டு குவிந்தது. காவலர்கள் மச்சான் படத்தையும் அவன் எழுதியதையும் அழித்து, 'இதற்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது' என்று கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். முதலாளி செல்போனைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார்.

"அச்சு அசல் அவரேதான். தம்பியா?"

மச்சான் வாயைத் திறந்தார். தன் இடத்தில் நின்ற புது ஆளைப் பார்த்தார்.

"ஆமாங்க. தம்பிதான்."

"கிடங்குல சாமான் தூக்கற வேலை இருக்கு. புதுசுங்கறதால பாதிச் சம்பளம். அண்ணன் பேரைக் காப்பாத்தணும், என்ன? அப்புறம், அந்த மீசையை எடுத்துடு. பார்த்தா அவர் ஞாபகம் வருது, மனசு தாங்கல."

இணையதளம் ஓகோவென்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவைத் தட்ட, மனைவி போய்த் திறந்தாள். மீசையில்லாத ஒல்லியான ஆள் ஒருவர் நின்றிருந்தார்.

"யாருங்க வேணும்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.